"பழகிடுச்சு" என்பது காதுக்கு மட்டும்தான்

மெயின் ரோட்டு ஓரம் குடியிருப்பவர்களிடம் இரைச்சலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "முதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு." அவர்கள் பொய் சொல்லவில்லை. நாள் போகப்போக அந்தச் சத்தத்துக்கு விழிப்பது குறைந்துவிடும். ஆனால் தூங்குகிறவரின் நெஞ்சில் ஈசிஜி வயரை ஒட்டிப் பார்த்தால் கதை வேறு. கீழே லாரி போகும்போது கண் திறக்காமலேயே அவர் நாடித்துடிப்பு ஏறி இறங்கும். வருடக்கணக்கில் அதே வீட்டில் இருந்தாலும் இது முழுசாக நிற்பதில்லை. காலையில் கேட்டால் "நல்லாத் தூங்கினேன்" என்பார்.

காதுக்கு இமை கிடையாது. தூக்கத்திலும் சத்தம் மூளைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி உஷாராகி அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன்களை அவிழ்த்துவிடுகிறது. இரவில் ரத்த அழுத்தம் இயல்பாகவே 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். ரத்தக்குழாய்களுக்கு அதுதான் ஓய்வு நேரம். இரைச்சல் கைவைப்பது அந்த ஓய்வில்தான்.

2013-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவ ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். நல்ல உடல்நலத்தோடு இருந்த 75 இளவயதினர், அவரவர் வீட்டுப் படுக்கை, பக்கத்தில் ஸ்பீக்கர். ஒரு இரவு எதுவும் இல்லை, ஒரு இரவு 30 முறை விமானச் சத்தம், இன்னொரு இரவு 60 முறை. ராத்திரி முழுக்கச் சராசரி பார்த்தால் 43 முதல் 46 டெசிபல்தான், காதைக் கிழிக்கிற சத்தமே இல்லை. மறுநாள் கையிலுள்ள தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளந்தார்கள். நலமான ரத்தக்குழாய் நன்றாக விரியும். சத்தம் கேட்ட இரவுகளுக்குப் பிறகு விரிவு குறைந்திருந்தது. சிலருக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தபோது விரிவு மேம்பட்டது, அதாவது குழாயின் உள்சுவரில் ஆக்சிஜனேற்றச் சேதம் நடந்திருக்கிறது. (அதற்காக நாளையிலிருந்து மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். அது காரணத்தைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனை, சிகிச்சை இல்லை.)

"ரோட்டோர வீடுகளில் ரத்தக்குழாய் கெடுவது ரோட்டுப் புகையால், சத்தத்தால் இல்லை" என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் மைன்ஸ் படுக்கையறைகளில் புகை இல்லை, ஸ்பீக்கர் மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காகச் சொன்ன வரம்பு: சாலை இரைச்சல் 24 மணி நேரச் சராசரியில் 53 டெசிபல், இரவில் 45. அந்தச் சராசரியிலும் மாலைச் சத்தத்துக்கு 5, இரவுச் சத்தத்துக்கு 10 டெசிபல் கூட்டித்தான் கணக்குப் போடுவார்கள். அந்த 53-க்கு மேல் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் மாரடைப்பு வகை இதயநோய் வாய்ப்பு சுமார் 8 சதவீதம் கூடுகிறது. தனி ஆளுக்கு இது சின்ன எண். ஒரு நகரத்தின் மெயின் ரோட்டு வீடுகள் அத்தனைக்கும் பெருக்கினால் சின்னது இல்லை. நம் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதியும் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்றுதான் சொல்கிறது. எண்ணில் குறை இல்லை. சென்னையில் எந்த மெயின் ரோட்டு வீட்டு முகப்பிலும் பகலில் 70 சர்வசாதாரணம்.

இங்கே ஒரு கணக்கு. நடுராத்திரி, அமைதியான ஒரு மணி நேரம், ஜன்னலில் 50 டெசிபல். ஒரே ஒரு பஸ் இரண்டு விநாடி ஹாரன் அடிக்கிறது, ஜன்னலில் 90. அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி 58-க்கு ஏறிவிடும். மீதி 3,598 விநாடி அமைதியும் அந்த இரண்டு விநாடியிடம் தோற்றுப்போகிறது. டெசிபல் மடக்கை அளவு (10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு) என்பதால் வரும் வினை இது. இதையே திருப்பிப் பாருங்கள்: ரோட்டில் வண்டிகளைச் சரிபாதியாக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும். மின்வண்டி வந்தாலும் கார் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் டயர் சத்தமே மேலோங்கும். ஆகவே நம் ஊரில் முதலில் கைவைக்க வேண்டியது ஹாரனில். செலவும் அதில்தான் குறைவு. தேவையில்லாமல் அடித்தால் முதல்முறை 1,000, அடுத்தமுறை 2,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவே இருக்கிறது. மும்பை போலீஸ் ஒருமுறை, சிக்னலில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து எண்ணும்படி செய்து பார்த்தது. விளம்பரமாக நல்ல யோசனை. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது ராத்திரி காலி ரோட்டில் பறக்கும் ஏர் ஹாரன். அதை சிக்னலில் பிடிக்க முடியாது, பஸ் டெப்போவிலும் லாரி ஷெட்டிலும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அதுவரை ஜன்னல்தான் கதி. பணத்தை விரயமாக்குவதும் இங்கேதான். ஜன்னல் பரப்பில் 1 சதவீதம் சந்து இருந்தால், எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. 4 அடிக்கு 4 அடி ஜன்னலில் 1 சதவீதம் என்பது சுற்றிலும் வெறும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்லைடிங் ஜன்னலில் தண்டவாளமும் பிரஷ்ஷும் சேரும் இடத்தில் இது தாராளமாக இருக்கும். கீல் வைத்து ரப்பர் பீடிங்கில் அழுந்தி மூடும் ஜன்னலே வாங்குங்கள். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிலிக்கான் அடைக்கச் சொல்லுங்கள். மேலே திறந்த வென்டிலேட்டரையும் ஏசி பைப் ஓட்டையையும் விட்டுவிட்டு இதையெல்லாம் செய்வதில் பிரயோஜனம் இல்லை.

"டபுள் கிளாஸ்" என்று கேட்டவுடனே தலையாட்டாதீர்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டும் நடுவே 12 மில்லிமீட்டர் காற்றும் இருந்தால், அந்த அமைப்பே 200 ஹெர்ட்ஸ் பக்கம் (தாழ்ந்த, உறுமல் சத்தம்) அதிர்ந்து, அந்தச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும். பஸ், லாரி உறுமலும் அந்தப் பக்கம்தான். அதைவிட, இருக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி, வேறு தடிமனில் லேமினேட்டட் கண்ணாடி (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) போட்ட இரண்டாவது ஜன்னல் நன்றாக வேலை செய்யும். அடைத்துவிட்டால் காற்றுக்குப் பின்பக்கம் வழி வேண்டும், மறக்க வேண்டாம். முட்டை அட்டை, ஃபோம் ஷீட்டெல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. பால்கனிச் செடிகள் கண்ணுக்கு நல்லது.

காசே இல்லாத வழி, கட்டிலை ரோட்டுப் பக்க அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றுவது. கட்டடமே தடுப்புச் சுவராகி, சாதாரணமாக 10 டெசிபலுக்கும் மேல் குறையும். அதற்கு வழியில்லாத வாடகை வீடு என்றால் ஃபோம் இயர்பிளக். பலர் நுனியை மட்டும் செருகிவிட்டு "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்பார்கள். விரலில் உருட்டி மெல்லிய குச்சியாக்கி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் மண்டைக்குள் முழங்கினால் சரியாக அடைத்திருக்கிறது. வழக்கம்போலக் கேட்டால் உருவிவிட்டு மறுபடி உருட்டுங்கள்.