ஆதாரைக் காட்டினால் ஓட்டுப் போடலாமா?

"வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுதேர்தல்." தேர்தல் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. போன மாதம் வரை ஒரே கட்சியில் இருந்து இப்போது எதிரெதிர் அணிக்குப் போனவர்களும் இதை மட்டும் ஒற்றுமையாகப் பகிர்கிறார்கள்.

இது தவறு. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையைக் காட்டினாலும் வாக்களிக்க முடியாது. தேர்தல் நடத்தும் விதிகளில் 49ஏ விதி வாக்கு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது, வந்தவர் உண்மையான வாக்காளர்தானா என்று பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது.

டெண்டர் ஓட்டு உண்மைதான். உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டிருந்தால், அடையாளத்தை உறுதிசெய்த பிறகு வாக்குச்சீட்டு தருவார்கள். அது இயந்திரத்துக்குப் போகாது, தனி உறையில் வைக்கப்படும். 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை.

நான் தன்னார்வலராகப் பட்டியலைப் புரட்டியபோது, ஆதாரை இறுகப் பிடித்தபடி நின்ற ஒரு பாட்டியிடம் "பேர் இல்லம்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவரை நம்பவைத்ததே இந்தச் செய்திதான். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்க முடியாது. அதனால் இப்போதே பட்டியலைப் பாருங்கள், பெயர் இல்லாவிட்டால், சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள்.