பின்னேரமும் ஒருக்கா போய்ப் பாருங்கோ

பறவை பாக்கிறதெண்டா விடியக்காலமைதான் போகோணும் எண்டு கட்டுரையில எழுதியிருக்கிறீங்கள், எனக்கெண்டா அது முழுக்கச் சரியாப் படேல்ல. போன கிழமை நானும் மச்சானும் பின்னேரம் நாலரை போல திருகோணமலையில தம்பலகாமம் வயல் பக்கம் போனம், வாய்க்கால் கட்டில குந்தி கச்சான் உடைச்சுக்கொண்டு இருந்தா முதல் ஒண்டையும் காணேல்ல, பிறகு வெயில் சாயச் சாய ஒவ்வொண்டா வந்து இறங்குது. சங்குவளை நாரை ஒண்டு இருபதடி தூரத்தில நிண்டது. அது கண்ணால பாத்து மீன் பிடிக்கிறதில்லை தெரியுமோ, சொண்டை அரைவாசி திறந்து தண்ணிக்குள்ள விட்டு இஞ்சாலையும் அங்காலையும் ஆட்டிக்கொண்டே நடக்கும், காலால சேத்தைக் கிளறும், மீன் சொண்டில பட்ட உடனே டக்கெண்டு மூடிப்போடும். அதாலதான் கலங்கல் தண்ணியிலயும் அதுக்குச் சாப்பாடு கிடைக்குது. உண்ணிக்கொக்கு சோம்பேறி, மாட்டுக்குப் பின்னால திரிஞ்சு மாடு கிளப்பிற பூச்சியைப் பிடிக்கும்.

ஆள்காட்டிக் குருவிதான் பெரிய கரைச்சல். நாங்கள் கொஞ்சம் அசைஞ்சாலே கத்தி ஊரைக் கூட்டும், எல்லாம் எழும்பிப் பறந்திடும், மச்சான் போனை எடுக்க எடுக்க வெறும் வயல்தான் போட்டோவில.

மைம்மலுக்க ஒரு நரி வரம்பால போனது, எங்களை ஒருக்கா திரும்பிப் பாத்திட்டு தன்ர பாட்டில போயிட்டுது. கந்தளாய்ப் பக்கம் போறவை மட்டும் இருட்ட முதல் திரும்பிடுங்கோ, யானை வாற இடம். நுளம்புக்கு ஏதும் பூசிக்கொண்டு போங்கோ, மச்சான் அரைக் காற்சட்டையோட வந்தவர், இன்னும் சொறியிறார்.