ஆயி என்னும் பாழ்மேடு

ஓய்வுநாள் பள்ளியில் பெஞ்சுகளை அடுக்கி எரிகோ மதில் என்று வைத்துக்கொண்டு, ஏழு சுற்று சுற்றி, தொண்டை கிழிய ஆர்ப்பரித்துத் தள்ளிவிட்டவன் நான். யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானான் நாட்டைப் பிடிக்க வந்தபோது எரிகோவின் மதில் அப்படித்தான் விழுந்தது என்கிறது வேதம், அதாவது பைபிள். அதனால் தொல்லியலாளர் கேத்லீன் கெனியன் 1952 முதல் 1958 வரை எரிகோவில் தோண்டிக் கண்டதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. ஊர் ஏறத்தாழ கி.மு. 1550-லேயே அழிந்திருந்தது. யோசுவாவுக்குப் பலரும் சொல்லும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில், விழுவதற்கு மதிலே அங்கே கிடைக்கவில்லை.

அப்படியானால் எல்லாம் கட்டுக்கதை என்று கைகொட்டுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. கி.மு. 1208-ஐ ஒட்டிய எகிப்தின் பார்வோன் மெர்நெப்தாவின் கல்வெட்டில் இஸ்ரவேலின் பெயர் இருக்கிறது. அஸ்கலோன், கேசேர் என்ற ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால், சித்திர எழுத்தில், நாட்டைக் குறிக்கும் மூன்று குன்றுகள். இஸ்ரவேலுக்குப் பின்னால் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணும் பெண்ணும், கீழே பன்மைக்கு மூன்று கோடுகள். அதாவது ஊரல்ல, நாடல்ல, ஜனம். "அதன் வித்து இல்லை" என்று பார்வோன் பீற்றிக்கொள்கிறான். இல்லாத ஜனத்தை அழித்ததாக யார் பீற்றுவார்கள்?

அந்த ஜனம் எங்கே இருந்தது? 1967-க்குப் பிறகு மேற்குக் கரை மலைகளில் நடந்து நடந்து தேடியவர்கள், கி.மு. 1200-ஐ ஒட்டிப் புதிதாக முளைத்த சுமார் 250 சிற்றூர்களைக் கண்டார்கள். அரண்மனை இல்லை. இஸ்ரவேலருக்கு விலக்கப்பட்ட பன்றியின் எலும்பு கிட்டத்தட்ட இல்லை. பானைகளோ கானானியர் வனைந்தவற்றின் வழியில் வந்தவை. வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்களைவிட, பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருந்தவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. யோசுவா சுட்டெரித்ததாக வேதம் சொல்லும் ஆத்சோர் நகரை 13-ஆம் நூற்றாண்டில் யாரோ கொளுத்தியது உண்மை. யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் ஆயி. எபிரெயத்தில் அந்தப் பெயருக்கே பாழ்மேடு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். யோசுவா அதைச் சுட்டெரித்தான், இந்நாள்வரை பாழாகவே கிடக்கிறது என்கிறது வேதம். ஆயி என்று பெரும்பாலோர் கொள்ளும் எத்-தெல் என்ற மேட்டில் 1930-களில் ஜூடித் மார்க்கே-க்ரௌஸ் தோண்டினார். 1960-களில் ஜோசப் காலவே தோண்டினார். பெரிய மதிலோடு இருந்த நகரம் கி.மு. 2400 வாக்கிலேயே கைவிடப்பட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது.

பிறகு, கி.மு. 1200 வாக்கில், அந்தப் பாழின் மேலேயே ஒரு சிற்றூர் எழுகிறது. கல்தூண் நிறுத்திய வீடுகள், பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள். ஆடு மேய்த்துத் திரும்பும் பிள்ளை அந்தப் பழைய மதிலைத் தாண்டித்தானே வீட்டுக்கு வரவேண்டும்? இவ்வளவு பெரிய சுவரை யார் இடித்தது என்று ஒருநாள் கேட்டிருக்கும். தாத்தா சொன்ன பதில்தான் வேதத்தில் இருக்கிறது என்பது என் ஊகம்.