ராஜா முழுகாமல் இருக்கிறார்

போன ஆனி மாதம் குலசேகரத்தில் பாட்டி வீட்டில் நாலு நாள் இருந்தேன். விடாத மழை, ரப்பர் பால்வெட்டும் இல்லை. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் போன். “எப்பம் பாத்தாலும் அதுக்குள்ள என்ன இருக்கு மக்கா?” என்று கேட்டாள். கதை என்றேன். “சொல்லு, கேப்போம்.”

நான் படித்துக்கொண்டிருந்தது உர்சுலா கே. லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’. வருஷம் முழுக்கப் பனி மூடிக்கிடக்கும் ஒரு கிரகம். அங்கே இருப்பவர்கள் மாதத்தில் பெரும்பாலான நாள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். அடுத்த மாதம் எதுவாக மாறப்போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. சில பிள்ளைகளைப் பெற்ற தாயே வேறு சில பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருப்பார். அங்கே ஒரு நாட்டின் ராஜா ஒரு கட்டத்தில் முழுகாமல் இருக்கிறார்.

இந்த இடத்தில் பாட்டி என்ன சொல்லப்போகிறாளோ என்று கொஞ்சம் பயந்தேன். அவள் கத்தியை நிறுத்தக்கூட இல்லை. “ராசா முழுகாம இருக்காவளா? செரி. பின்ன?”

பின்ன என்று கேட்டாள், அவ்வளவுதான். “உனக்கு ஆச்சரியமா இல்லையா பாட்டி?” என்றேன். “நம்ம சாஸ்தாவ யாரு பெத்தா? மோகினியா வந்த விஷ்ணு பெத்த பிள்ளதான? வில்லுப்பாட்டுல கேட்டதில்லியா நீ?” என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

நான் பெண்ணைக் காதலிக்கிற பெண். பாட்டியிடம் இதுவரை சொன்னதில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் இருந்த அளவு நிம்மதியாக எந்த வீட்டிலும் நான் இருந்ததில்லை.

என்னைப் போன்றவர்கள் வரும் கதைகள் தமிழில் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கின்றன. ஆனால் என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் ஒரே கதைதான். வீட்டுக்குத் தெரிகிறது, அடி விழுகிறது, ஊரை விட்டு ஓடுகிறார்கள். அது உண்மை, எழுதப்பட வேண்டிய உண்மை. எனக்கு அது படிக்காமலே தெரியும். நான் தேடுவது வேறு. விண்கலம் ஓட்டுகிறவள், டிராகன் வளர்க்கிறவள், மந்திரம் தப்பிப்போய் ஊரையே மூழ்கடித்துவிட்டு அதைச் சரிசெய்ய அலைகிறவள். அவள் வீடு திரும்பும்போது கதவைத் திறப்பது ஒரு பெண், அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. இப்படி ஒரு கதை வேண்டும். யதார்த்தக் கதையில் இப்படி எழுதினால் ‘நம்பும்படி இல்லை’ என்பார்கள். உலகத்தையே புதிதாகக் கட்டுகிற எழுத்தில்தான் அந்தக் கேள்வி இல்லை.

தேடுவதுதான் பாடு. பின்னட்டையில் போர் இருக்கும், சாம்ராஜ்யம் இருக்கும், நாயகிக்கு ஒரு காதலி உண்டு என்பது மட்டும் இருக்காது. முந்நூறு பக்கம் படித்த பிறகு, அவர்களில் ஒருத்தி கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் செத்துப்போவாள். எத்தனை தடவை இப்படி ஏமாந்திருக்கிறேன்! ஒரு தடவை நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கடையில் துணிந்து கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “அந்த மாதிரி புஸ்தகமெல்லாம் இங்க வைக்கிறதில்ல” என்றார். சொல்லும்போதே, நான் அடையாளத்துக்காகக் கொண்டுபோயிருந்த புத்தகத்தை மேசையில் அட்டை தெரியாதபடி கவிழ்த்து வைத்தார். விண்கலத்தில் ஊர் ஊராகப் போகும் ஒரு கூட்டத்தின் கதை அது. வீட்டில் பத்து வயசுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிய பக்கங்கள்கூட அதில் உண்டு. அன்றைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் என்னைப் போன்றவர்களைக் குறிக்க ‘பால்புதுமையர்’ என்ற சொல் வந்தது. எனக்குப் பிடித்த சொல். ஆனால் அதைப் போட்டுத் தேடினால் எனக்கு வருவது நீதிமன்றச் செய்தி, ஊர்வலச் செய்தி, தன்வரலாறு. ஒரு பூதம்கூட வருவதில்லை. அதனால் ஆங்கிலத்தில்தான் தேடுகிறேன். பாலினத்தைப் புதிதாக யோசிக்கிற அறிபுனைக்கும் (அறிவியல் புனைகதை) மிகுபுனைவுக்கும் (ஃபேன்டசி) என்றே 1991இல் தொடங்கிய ஒரு விருது இருக்கிறது, இப்போது அதற்கு ‘அதர்வைஸ்’ விருது என்று பெயர். அதன் பழைய பட்டியல்களைத் துழாவினாலே பல வருஷம் படிக்கலாம். காசு இல்லாதவர்களுக்கு ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’, ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’, ‘அன்கேனி’ இதழ்கள் இணையத்தில் இலவசம்.

அப்படிக் கிடைத்ததுதான் இலங்கைக்காரர் வஜ்ர சந்திரசேகர 2023இல் எழுதிய ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’. பிள்ளை பிறந்த கணமே தாய் அதன் நிழலைத் தரையில் பித்தளை ஆணி அடித்துப் பிய்த்துவிடுகிறாள். யட்சியை ஆணி அடித்து மரத்தில் அடைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த முதல் வரியிலேயே சொந்த ஊருக்கு வந்துவிட்டாற்போல இருந்தது. நிழல் இல்லாத அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு ஆணைக் காதலிக்கிறான். கதையின் சிக்கல் அது இல்லை, வேறு எத்தனையோ இருக்கிறது. நெபுலா விருது வாங்கிய நாவல்.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லெ குவின் அந்தப் பனிக்கிரகத்து மனிதர்கள் எல்லாரையும் ஆண்பால் சொல்லால்தான் குறித்தார். அதற்கு விமர்சனம் வந்தது, அவரே பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆன் லெக்கி 2013இல் ‘ஏன்சிலரி ஜஸ்டிஸ்’ எழுதியபோது எல்லாரையும் பெண்பாலாக்கினார். ஆங்கிலத்தில் இவ்வளவு பாடுபட்டது எதற்காகவோ அது தமிழில் ‘அவர்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அவர் வந்தார், அவர் பெற்றார். எங்கள் ஊரில் இன்னும் எளிது, ‘அவிய வந்தாவ’ என்றால் யாரும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. பாட்டி அந்த ராஜாவை அப்படித்தான் சொன்னாள்.

‘அவர்’ கொஞ்சம் தள்ளி நிற்கும் சொல், நெருங்கினவர்களுக்கு ஒட்டாது என்பதும் சரிதான். அங்கே ‘நீ’ இருக்கிறதே! 2019இல் வந்த ‘திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் த டைம் வார்’ என்ற குறுநாவலில் எதிரெதிர்ப் படைகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள் காலம் விட்டுக் காலம் கடிதம் எழுதிக் காதலிக்கிறார்கள். அந்தக் கடிதங்களை மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்தேன். நீ, உன்னை, உனக்கு என்று அப்படியே வந்து விழுந்தது.

“இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி” என்கிறவர்களுக்கு ஒன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடலில் ஒன்று பேடு, ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் காமன் ஆடியது. அதை ஆடத் தெரிந்த மொழிக்கு இதை எழுதத் தெரியாதா?

எழுதுங்கள். மொழிபெயர்ப்பவர்கள் மொழிபெயர்த்துக் கொடுங்கள், பின்னட்டையில் மறைக்காமல் போடுங்கள். இப்படி ஒரு கதை படித்திருந்தால் கீழே பெயரைச் சொல்லுங்கள். யார் சாகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், எனக்குக் கதை கெட்டுப்போகாது.

பாட்டிக்கு அந்தக் கதையை இரண்டு பேர் வண்டியை இழுத்துக்கொண்டு பனிமலை ஏறும் இடத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். நேற்று போனில், “அவிய ரெண்டு பேரும் கரை சேந்தாவளா?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன் என்றிருக்கிறேன்.