ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள்

நம் சபையின் ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில், கணவரை இழந்த ஒரு சகோதரியை எழுப்பி நிறுத்தி ஸ்தோத்திரம், அதாவது ஆண்டவருக்கு நன்றித் துதி, சொல்லச் சொன்னதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இருந்தவர்கள் பார்த்தார்கள், வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நேற்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "சந்தோஷத்தை இழந்த விசுவாசி சாட்சியை இழந்தவர்." யாரை மனதில் வைத்துப் போட்டது என்று குழுவில் எல்லோருக்கும் புரிந்தது. அந்தச் சகோதரியும் அதே குழுவில்தான் இருக்கிறார். கீழே வரிசையாக ஆமென், ஆமென், கைகூப்பும் படங்கள்.

கணவரை அடக்கம்பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் வீட்டை விட்டுக் கிளம்பி வந்து அங்கே உட்கார்ந்ததே பெரிய காரியம். அவரை எழுப்பி நிறுத்தி, மைக்கை வாய்க்கு நேரே நீட்டி, "சிரிச்ச முகத்தோட ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க சிஸ்டர்" என்றால் அவர் என்ன செய்வார்? வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மைக்கில் மூச்சு மட்டும்தான் கேட்டது. உட்கார்ந்துவிட்டார். அதோடாவது விட்டிருக்கலாம். "பாருங்க, சத்துரு எப்படி வாயைக் கட்டுறான்" என்று, பிசாசின் வேலை என்கிற மாதிரி ஒரு விளக்கம் வேறு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். எப்பொழுதும் சந்தோஷமாயிரு, இடைவிடாமல் ஜெபம்பண்ணு, எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய். இது எனக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. நான் என் வீட்டில், என் வேலையில், என் படுக்கையில் கைக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் முகத்தைப் பார்த்து, அங்கே சந்தோஷம் இருக்கிறதா என்று அளந்து சொல்லும் வேலையை ஆண்டவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்த வசனங்களை யார் யாருக்கு எழுதினார் என்று கொஞ்சம் பார்க்கலாமே. அவை பவுல் தெசலோனிக்கேயா சபைக்கு எழுதிய முதலாம் கடிதத்தில் இருக்கின்றன. அந்தச் சபை அப்போது பிறந்த குழந்தை. பவுல் அங்கே இருந்தபோதே எதிரிகள் வீணரைக் கூட்டிக்கொண்டு, அவருக்கு இடம் கொடுத்த யாசோனின் வீட்டை வளைத்தார்கள். பவுலையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் ராத்திரியோடு ராத்திரியாக பெரோயா ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கி.பி. 50, 51 வாக்கில் கடிதம் வந்து சேரும்போது அந்தச் சபையார் உபத்திரவத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். அவர்களைக் குறித்து 4ஆம் அதிகாரத்தில் பவுல் பேசுகிறார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார். துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அழுதுகொண்டிருப்பவர்கள் என்று தெரிந்துதான் அவர்களுக்கு எழுதுகிறார்.

5ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். 14ஐ யார் சொல்கிறோம்? "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." இரண்டு வசனம் முன்னால், அதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த மைக்கைப் பிடித்தவர் 14ஐக் கைக்கொண்டிருந்தால் 16க்கே போயிருக்க வேண்டாம்.

உடனே பிலிப்பி சிறையில் இருந்த பவுலையும் சீலாவையும் எடுத்துக்காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். "அடிபட்டு, கால் தொழுமரக் கட்டையில் மாட்டியிருந்தும் நடுராத்திரியில் பாடினார்களே, உங்களுக்கு என்ன?" பாடினார்கள். எனக்கும் உயிரான பகுதி அது. ஆனால் அவர்களைப் பாடச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. காயத்தோடு இருந்தவர்கள் தாங்களாகவே பாடினார்கள். சிறைச்சாலைக்காரன் விசுவாசித்த பிறகு செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ராத்திரியில் அந்த நேரத்திலேயே அவர்கள் காயங்களைக் கழுவினான். இன்னொரு பாட்டுப் பாடுங்கள் என்று கேட்கவில்லை. அதைவிட முக்கியம், விடிந்ததும் நடந்தது. போகலாம் என்று அதிகாரிகள் சொல்லி அனுப்பியபோது பவுல் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நழுவிப் போகவில்லை. விசாரிக்காமல் வெளியரங்கமாய் எங்களை அடித்தார்கள், நாங்கள் ரோமக் குடியுரிமை உள்ளவர்கள், அவர்களே வந்து எங்களை வெளியே விடட்டும் என்று நின்றார். ராத்திரி துதித்த அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது. யாரும் அவரை நன்றியில்லாதவர் என்று சொல்லவில்லை.

அடுத்தது, நாஜி முகாம் சம்பவம். ஜெர்மனியின் ராவன்ஸ்புரூக் முகாமில் அடைக்கப்பட்டிருந்த டச்சு விசுவாசி பெட்சி டென் பூம் தெள்ளுப்பூச்சிகளுக்காகவும் நன்றி சொன்னார். பிரசங்கத்தில் கேட்காதவர்கள் குறைவு. அந்தப் பூச்சிகளுக்குப் பயந்து காவலர்கள் உள்ளே வராததால் அங்கே வேதம் வாசிக்க முடிந்தது என்பதும் உண்மை. ஆனால் பெட்சி அதே அறையில், அதே பூச்சிக்கடியில் படுத்திருந்தவர். 1944 டிசம்பரில் அந்த முகாமிலேயே இறந்தவர். முள்வேலிக்கு வெளியே நின்று ஒருவர் உள்ளே இருப்பவர்களைப் பார்த்து, பூச்சிக்காக நன்றி சொல்லுங்கள் என்றிருந்தால் அதைச் சாட்சி என்று யாரும் பிரசங்கித்திருக்க மாட்டார்கள்.

பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றியும் நேற்று ஒருவர் போட்டிருந்தார். பத்துப் பேரும் சுகமாகி ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த கதை. "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்று இயேசு கேட்டது அவர்கள் சுத்தமான பிறகு. தூரத்தில் நின்று, "எங்களுக்கு இரங்கும்" என்று கத்தினபோது அல்ல.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அம்மா காலையில் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக ஜெபிப்பார். அலங்காரமான ஜெபம் இல்லை. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "இந்த விரல் அசையுது ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்பார். அடுத்த விரலைத் தொட்டு, "இது ஏன் அசையல? நீங்க பாக்குறீங்களா இல்லையா?" என்பார். பிறகு "ராத்திரி தூக்கம் தந்தீங்க, ஸ்தோத்திரம்." பிறகு ஒரு அழுகை. பிறகு ரவிக்கைக் கொக்கியை ஒரு கையால் மாட்டப் போராடி, மாட்டிவிட்டால் குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு. நன்றியும் கேள்வியும் கண்ணீரும் சிரிப்பும் ஒரே மூச்சில் வரும். நன்றி சொல்வது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். பொத்தாம்பொதுவாக "எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று முடித்துவிடாமல் விரல் விரலாகச் சொல்வது. நானும் இன்றுவரை ராத்திரி படுக்கும்போது அப்படித்தான் சொல்கிறேன். அன்றைக்குக் கிடைத்ததைப் பெயர் சொல்லி, கிடைக்காததையும் பெயர் சொல்லி. அப்படிச் செய்யும்போது மனதுக்குள் வரும் சந்தோஷம் பொய்யாக இருந்ததில்லை.

ஒரு நாள் சபையிலிருந்து விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் அம்மா ஜெபத்தைக் கேட்டுவிட்டு, "இப்படியெல்லாம் ஆண்டவரைக் கேக்கக் கூடாதும்மா, முறுமுறுப்பு பாவம். இஸ்ரவேலர் அதனாலதான் வனாந்தரத்துல அழிஞ்சாங்க" என்றார். நல்ல எண்ணத்தோடு சொன்னார் என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அம்மா சத்தமாக ஜெபிக்கவே இல்லை. உதடு மட்டும் அசையும். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்பார். கடைசி வரைக்கும் அப்படித்தான். ஸ்தோத்திரத்தை வளர்க்கிறேன் என்று வந்தவர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஸ்தோத்திரச் சத்தத்தையே எடுத்துக்கொண்டு போனார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் அந்த வெறும் மூச்சு கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

ஆண்டவரைக் கேள்வி கேட்பது பாவம் என்றால் சங்கீதப் புத்தகத்தை என்ன செய்வது? 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டதை நாம் பயபக்தியோடு எழுந்து நின்று வாசிக்கிறோம். அதையே என் அம்மா தன் வார்த்தையில் கேட்டால் முறுமுறுப்பா? 88ஆம் சங்கீதம் ஒரு வரி ஆறுதல்கூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில்தானே வைத்திருக்கிறார்கள்? அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடிய ஆபகூக் தீர்க்கதரிசியை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆபகூக் முதல் அதிகாரத்தில், நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்றுதான் ஆரம்பிக்கிறார். 3ஆம் அதிகாரத்துக்கு அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. தானாக நடந்து வந்தார்.

ஆண்டவரே என்ன செய்தார்? பந்தியில் பாத்திரத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். அதே ராத்திரி கெத்செமனேயில், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்றார். சீஷர்களிடம் அவர் கேட்டதெல்லாம் என்னோடேகூட விழித்திருங்கள் என்பதுதான். நம்மால் அதுகூட முடியவில்லை, சிரிக்கச் சொல்லி மைக்கை நீட்டுகிறோம்.

"அப்போ சோர்ந்துபோனவங்களை அப்படியே விட்டுடணுமா?" என்று கேட்பவர்களுக்கு: விடச் சொல்லவில்லை. போய் உட்காருங்கள் என்கிறேன். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

"சபை விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா?" ஒரு விதவையைப் பொதுவில் எழுப்பி நிறுத்தினபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நம் சாட்சி நேரத்தில் யார் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சுகமானவர், வேலை கிடைத்தவர், கல்யாணம் கூடி வந்தவர். எல்லாம் முடிவு நல்லபடியாக வந்த கதைகள். அவர்களோடு நானும் சந்தோஷப்படுகிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இன்னும் சுகமாகாதவர், இன்னும் பதில் வராதவர் எங்கே எழுந்து நின்று பேசுவார்? தினமும் காலையில் எழுந்து, வலியோடு ஜெபித்து, கிடைத்த ஒரு விரலுக்காக ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள் நம் மத்தியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் கதைக்கு முடிவு இல்லை என்பதால் அவர்களுக்கு மைக் இல்லை. வருகிற கூட்டத்தில் நேரம் ஒதுக்குகிறவர்கள் அவர்களில் ஒருவரிடம் முன்கூட்டியே, தனியாக, பேச விருப்பமா என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். பேசினால், நடுவில் அழுதாலும் கேள்வி கேட்டாலும் குறுக்கே வசனம் சொல்லாமல் கடைசி வரைக்கும் கேளுங்கள்.