ஹவாய் ராணிக்கு வாரிசு இல்லையா?

“ஹவாயின் கடைசி ராணி லிலியுவோகலானிக்கு வாரிசு இல்லை, அதனால் நாட்டை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டார்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அவர் பிள்ளை பெறவில்லை, அது சரி. ஆனால் 1891-ல் அரியணை ஏறியதுமே தங்கை மகள் கையுலானியை வாரிசாக அறிவித்தார். 1893 ஜனவரியில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கி நிற்க, வெள்ளைக்கார வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ராணியைக் கவிழ்த்தார்கள். எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத்தான் அவர் விலகினார். அப்போது பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்த கையுலானி, பதினேழு வயதில் வாஷிங்டன் போய் அதிபர் கிளீவ்லாந்தையே சந்தித்தார்!

1895-ல் ராணி முடிதுறப்பில் கையெழுத்திட்டது உண்மைதான். காவலில் இருந்தபடி, ஆதரவாளர்களின் உயிரைக் காக்க. 1898-ல் அமெரிக்கா ஹவாயை இணைத்துக்கொண்டபோதும் கையுலானி உயிரோடிருந்தார். மறு ஆண்டுதான் இறந்தார், 23 வயதில்.