'இடியோக்ரசி' பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

நாட்டு நடப்பு கொஞ்சம் கோணலாகப் போனால் போதும், யாராவது ஒருவர் 'இடியோக்ரசி' படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் போட்டு "இது ஆவணப்படம்யா" என்று எழுதிவிடுகிறார். ஐந்நூறு வருடம் கழித்து அமெரிக்காவே முட்டாள்களின் நாடாகிவிடுவதாகச் சொல்லும் நையாண்டிப் படம், இயக்குநர் மைக் ஜட்ஜ் 2006-இல் எடுத்தது. வெளியிட்ட ஃபாக்ஸ் நிறுவனமே பெரிதாக விளம்பரம் செய்யாமல் சில ஊர்களில் மட்டும் ஓட்டிக் கைகழுவியது, அப்புறம் டிவிடியில்தான் பிழைத்தது. எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் பகிர்கிறவர்கள் எல்லோருமே தங்களை ஜோவாக நினைத்துக்கொள்கிறார்கள் (ராணுவத்தின் உறக்கநிலைச் சோதனை ஒன்றில் தூங்கப்போய் 2505-இல் கண் விழித்து, உலகத்திலேயே பெரிய அறிவாளி தான்தான் என்று தெரிந்துகொள்ளும் அந்தச் சாதாரண ராணுவ நூலகர்). ஒருத்தர்கூடத் தன்னை அந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

படம் ஆரம்பத்தில் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை. படித்தவர்கள் குழந்தையைத் தள்ளிப்போட, மற்றவர்கள் பெற்றுத்தள்ள, அறிவு மழுங்கிவிட்டதாம். 'தகுதியானவர்கள்' மட்டும்தான் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற பழைய யூஜெனிக்ஸ் வாடை. நிஜத்தில் 20-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் ஐக்யூ மதிப்பெண் ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஃபிளின் விளைவு என்பார்கள். நார்வேயில் பிறகு அது இறங்கத் தொடங்கியபோது, ராணுவத் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்தவர்கள் 2018-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: அந்த இறக்கம் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே தெரிகிறது. ஒரே அப்பா அம்மா. யார் எத்தனை பெற்றார்கள் என்ற கணக்குக்கு அங்கே என்ன வேலை?

எனக்கு உறைத்தது வேறு இடம். வயலுக்குத் தண்ணீருக்குப் பதில் பிராண்டோ என்ற பானத்தைப் பாய்ச்சுகிறார்கள், மண்ணில் உப்பு சேர்ந்து பயிர் கருகுகிறது. ஏன்யா என்று ஜோ கேட்டால், மந்திரிகள் "அதில் எலக்ட்ரோலைட் இருக்கிறது" என்கிறார்கள் (உப்புச் சத்துதான், அவர்களுக்கு அது தெரியாது). எலக்ட்ரோலைட் என்றால்? பிராண்டோவில் போடுவது. சுற்றிச் சுற்றி அதே விளம்பர வாசகம். ஜோ தண்ணீர் விட வைத்ததும் பிராண்டோ கம்பெனியின் பங்கு சரிகிறது, பாதி நாட்டுக்கு வேலை போகிறது, ஜனம் ஜோ மேல் பாய்கிறது. சரி, வேலை போன கோபம் முட்டாள்தனமா என்ன?

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பட்ஜெட் நெருக்கடியில் அந்தக் கம்பெனி அரசின் உணவு-மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பையே விலைக்கு வாங்கியதாகப் படம் போகிற போக்கில் ஒரு வரி சொல்லும். மூளைக்காரர்கள் எல்லாம் முடி கொட்டுவதற்கு வைத்தியம் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று இன்னொரு வரி. வாங்கியவர்களும் விற்றவர்களும் கணக்குத் தெரிந்து கையெழுத்துப் போட்டவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்? எனக்கு அந்தப் பேரத்தைப் பார்க்க வேண்டும். படம் அதற்கு ஒரு காட்சிகூட ஒதுக்கவில்லை.